என்ன இருக்கு, சொல்லு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. சத்திரம் பேருந்து நிலையத்தில் துவாக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஓவியக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் மணப்பாறை முருகேசன். படம் மட்டும்தான் இருந்தது, குரல் இல்லை.

எங்கள் குழுவில் அது குற்றம். பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்குப் பார்வை கிடையாது. யார் எந்தப் படத்தைப் போட்டாலும், அதில் என்ன இருக்கிறது என்று கூடவே பேசி அனுப்ப வேண்டும். பிறந்தநாள் கேக்காக இருந்தாலும் சரி, மழையில் நனைந்த செருப்பாக இருந்தாலும் சரி. ஆரோக்கியமேரி அக்கா வைத்த சட்டம் அது. அதுவரை யாரும் மீறியதில்லை.

சலீம் பாயின் குரல் உடனே வந்தது. அவர் மண்ணில் உருவங்கள் செய்பவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். “முருகேசா, என்ன போட்டோப்பா? சொல்லாம போட்டா எப்படி? இரு, அக்கா வந்து உன்னை ஒரு வாங்கு வாங்கப் போறாங்க.”

முருகேசன் பதில் சொல்லவில்லை. படத்தைத் திறந்து பார்த்த மற்றவர்களும் பேசவில்லை. சலீம் பாய் மறுபடியும் கேட்டார். “யாராச்சும் சொல்லுங்கப்பா.” பஸ் கிளம்பிவிட்டது. நான் பொத்தானை அழுத்திப் பேசினேன்.

“ஒரு கார்டு, பாய். மேல சிலுவை. அதுக்குக் கீழ கண்ணீர் அஞ்சலின்னு எழுதியிருக்கு. நடுவுல ஆரோக்கியம் அக்கா போட்டோ. பேங்க் ஐடி கார்டுல இருக்கிற அதே போட்டோ. வயசு நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. இன்னைக்கு விடிகாலைல மாரடைப்பு. அடக்கம் சாயந்தரம் நாலு மணிக்கு.”

கண்டக்டர் டிக்கெட் கேட்ட குரலும் அதில் பதிவாகியிருக்கிறது. அக்காவின் சாவை அக்காவின் சட்டப்படியே சொல்லி முடித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவருடைய முகத்தைவிடக் குரல்தான் தெரியும். ஒரு வங்கியின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். “வணக்கம், லைன்ல இருங்க” என்று அவர் சொல்லித் திருச்சியில் கேட்காதவர்கள் குறைவு. பாலக்கரையில் ஒரு தையல்காரரின் மகள். ஆறு வயதில் அம்மை கண்டு பார்வை போனது. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். மேலே கேட்டால், “அதுல அதுக்கு மேல கதை இல்லீங்க” என்பார். யாராவது உருக்கமான குரலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், “பேர்லயே ஆரோக்கியம் இருக்கு, நீங்க வேற எதுக்குக் கேக்குறீங்க?” என்பார்.

எங்கள் குழு கூடிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கிடைக்கும். வைகாசியும் ஆவணியும் வந்தால் நாங்கள் தெருவில். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் மாதம் முழுக்க எங்களுடையது. “ஆடி பொறந்துடுத்து, இனிமே உங்க ராஜ்யம்தான்” என்று மண்டபத்து மேலாளர் சாவியை நீட்டுவார். “ஊருக்கு ஆகாத மாசம்தான் மாமா எங்களுக்கு ஆகி வருது” என்று அக்கா வாங்கிக்கொள்வார். அக்கா அந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் வாடகை அல்ல. பின்பக்கம் ஒரு சாய்தளம் இருந்தது. முருகேசனின் மூன்று சக்கர ஸ்கூட்டர் அதில் நேராக உள்ளே ஏறிவிடும். அது சாம்பார் அண்டாக்களை உருட்டிக்கொண்டு போவதற்காகக் கட்டியது. மனிதர்களுக்காக என்று கட்டிய ஒரு சாய்தளத்தை இரண்டு மாதம் தேடியும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. “ஊனமுற்றோர்னாங்க, மாற்றுத்திறனாளின்னாங்க. பேரை மட்டும் மாத்தி மாத்தி வைக்கிறாங்க, படி அப்படியேதான் இருக்கு” என்று அக்கா ஒரு கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கூட்டமும் மாடியில்தான் நடந்தது.

நான் அங்கே போனது ஒரு பத்திரிகையின் நிருபராக. தன்னம்பிக்கைப் பக்கத்துக்கு அரைப் பக்கம் வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். பார்வை இல்லாத ஒருவர் ஓவியக் குழு நடத்துகிறார் என்பதுதான் செய்தி. கூட வந்த புகைப்படக்காரர் அக்காவிடம், “மேடம், கூலிங் கிளாஸ் போட்டுக்கோங்க, படத்துல நல்லா வரும்” என்றார்.

“யாருக்குக் கண்ணு கூசுது? உங்களுக்கா? அப்ப நீங்க போட்டுக்கோங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். சுவரில் முருகேசனின் படம் சாய்த்து வைத்திருந்தது. கரியால் வரைந்த பெரிய மாடு. “அதுல என்ன இருக்கு, சொல்லுங்க” என்றார்.

“ரொம்ப அழகா இருக்குங்க.”

“அழகு எந்தப் பக்கம் இருக்கு? இடது பக்கமா, வலது பக்கமா?”

சலீம் பாய் கையில் மண்ணோடு சிரித்தார்.

“மாடு இருக்குங்க.”

“எத்தனை கால் தெரியுது?”

அப்போதுதான் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தேன். மூன்று கால் ஊன்றியிருந்தது. நான்காவது காலை மாடு லேசாக மடக்கி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி வைத்திருந்தது. அதைச் சொன்னேன். முருகேசன் மூலையிலிருந்து, “எங்க ஊர் சந்தையில காலையிலேருந்து நின்னா மாடும் ஒரு காலை மடக்கத்தானேங்க செய்யும்” என்றார். அக்கா தலையை ஆட்டினார். “இப்பத்தான் மாடு வந்துச்சு” என்றார்.

கட்டுரை வந்தது. தலைப்பு: இருளை வென்ற தூரிகை. மறுநாள் அலுவலகத்து எண்ணுக்கு அழைப்பு வந்தது.

“பேப்பர்காரிங்களா? லைன்ல இருங்க. இருளை வென்ற தூரிகைன்னு போட்டிருக்கீங்க. நான் ஜென்மத்துல தூரிகையே பிடிச்சதில்லையே.”

“தலைப்பு நான் வைக்கலைங்க. ஆபீஸ்ல டெஸ்க்காரங்க வைக்கிறாங்க.”

“சரி, டெஸ்க் பாவம். கட்டுரை நீங்கதானே எழுதினீங்க? முருகேசன் மாடு எங்க போச்சு?”

மாடு கட்டுரையில் இல்லை. முருகேசனின் கால்கள் மட்டும் மூன்று பத்தி இருந்தன. “ஆடி முடியறதுக்குள்ள ஒரு தடவை வந்து மாட்டை ஒழுங்கா பார்த்துட்டுப் போங்க” என்று வைத்துவிட்டார். போனேன். அடுத்த வாரமும் போனேன். நான்கு வருடமாகப் போகிறேன். முதல் வருடத்திலேயே ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது, ‘பேப்பர்காரி’ மட்டும் போகவில்லை. படங்களை அவர்களுக்குச் சொல்வது என் வேலையாக ஆயிற்று.

அக்கா வரைந்ததில்லை, தைத்தார். அவருடைய மிகப் பெரிய வேலையின் பெயர் ‘வரிசை’. ஆறடி நீளத் துணியில் பன்னிரண்டு துண்டுகள். அப்பாவின் கடையில் வளர்ந்த விரல்கள் அவை. வங்கியில் தன் மேசையை ஒட்டி வரிசையில் நின்று போனவர்களை உரசிய துணிகளாகத்தான் அவருக்குத் தெரியும். கஞ்சி போட்ட வேட்டி, பல முறை துவைத்து நைந்த வாயில் புடவை, சீருடையின் முரட்டுத் துணி, சலசலக்கும் புதுப் பட்டு. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முகம் யாருக்கும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டே போனால் ஒரு கூட்டத்தைக் கடந்து போனது போலிருக்கும். கடைசித் துண்டு எதுவென்று நான் கேட்டேன். “அது என் புடவைதான். நானும் ஒருநாள் வரிசையில நிக்க வேண்டாமா?” என்றார்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். இதை எழுதாமல் அக்காவைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் வருடம் நகரத்தில் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு எங்களை அழைத்தார்கள். படங்களை முதல் நாளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொடக்க விழாவில் அக்கா இரண்டு நிமிடம் பேச வேண்டும். அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். நான் முன்னால் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டேன். நடு ஹாலில் எங்கள் படம் ஒன்றுகூட இல்லை. கழிவறைக்குப் போகும் நடைபாதையில், மாடிப்படிக்கு அடியில் மாட்டியிருந்தார்கள். திரும்பி வந்ததும் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க மாட்டியிருக்காங்க? என்ன இருக்கு, சொல்லு.”

அந்தப் புடவையைப் பார்த்தேன். “நடு ஹால்லக்கா. வாசலுக்கு நேரே” என்றேன்.

அவர் மேடை ஏறினார். மைக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்க படங்களை ஓரமா ஒதுக்காம, நடு ஹால்ல வாசலுக்கு நேரா மாட்டியிருக்கீங்க. நன்றிங்க. இது எங்களுக்குப் பெரிய விஷயம்.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். விழாச் செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். அப்புறம் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அக்கா சந்தோஷமாக இறங்கி வந்தார்.

முருகேசனுக்கு முன்வாசல் படி ஏற முடியாது. பின்வழியாக வந்தவர் முதலிலேயே பார்த்துவிட்டிருந்தார். திரும்பும்போது வேனில் அவர்தான் சொன்னார். பாலக்கரையில் இறங்கும்போது அக்கா, “நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வந்துடு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போனபோது மாடிப்படிக்கு அடியில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா, சலீம் பாய், பக்கத்தில் தன் ஸ்கூட்டரிலேயே முருகேசன். மூன்றாவது நாற்காலி எனக்கு.

“பினாயில் வாசனை நேத்தே வந்துச்சு” என்றார் அக்கா. “மூக்கை நம்பல, உன்னை நம்பினேன். ஏன் சொல்லல?”

“பாவமா இருந்துச்சுக்கா.”

“யாரைப் பார்த்து?”

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

“நீ பாவம் பார்த்தே. அதனால நான் போய் அவங்களுக்கு மைக்ல நன்றி சொல்லிட்டு வந்தேன். அவங்க என்னை ஒதுக்கினாங்க, சரி. அது தெரியாதவளா என்னை நிக்க வச்சது நீ.” குரல் உயரவே இல்லை. லைனில் பேசுகிற அதே குரல். நான் மூக்கை உறிஞ்சியதும், “அழுவுறியா? அழுது முடிச்சுட்டுச் சொல்லு. என்ன இருக்கு?” என்றார்.

சொன்னேன். படிக்கட்டின் அடிப்பக்கம் சரிந்து வருவதால் மாட்டின் இடது கொம்பு நிழலில் இருப்பதை. கீழே ஒரு வாளியும் துடைப்பமும் இருப்பதை. ‘வரிசை’யைத் தொங்கவிட இடம் போதாமல் கடைசி இரண்டு பேரை மடித்துப் பின்னால் செருகியிருப்பதை. சுவரில் ‘கழிவறை’ என்று ஒரு அம்புக்குறி இருப்பதை.

“அம்பு எதைக் காட்டுது?”

“மாட்டு மூஞ்சியை.”

அக்கா சிரித்தார். முருகேசனும் சிரித்தார். மடித்திருந்த இரண்டு பேரை அக்கா தன் கையால் விரித்துவிட்டார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அங்கே நடந்ததை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் அக்கா ஆரம்பிப்பார். “வாங்க, படம் பார்த்துட்டுப் போங்க. அவசரம்னா போயிட்டு வந்து பாருங்க, நாங்க இங்கதான் இருப்போம்.” வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். மற்ற இடத்தில் எல்லாம் ‘தொடாதீர்கள்’ என்று பலகை இருந்தது. அக்கா, “இதைத் தொடுங்க, தொட்டாத்தான் தெரியும்” என்றார். சலீம் பாய் காதோரம், “எல்லாம் ஈரக் கையோட தொடுறாங்கக்கா” என்றார். “கை கழுவிட்டு வர்றாங்க பாய். இதைவிடச் சுத்தமான கூட்டம் எந்த ஹால்ல கிடைக்கும்?”

மத்தியானம் செயலாளர் வந்துவிட்டார். “மேடம், வேணும்னு பண்ணலைங்க. இடம் பத்தல. இப்பவே உள்ள மாத்திடறோம்.”

“வேண்டாங்க. நடு ஹாலுக்கு இஷ்டப்பட்டவங்கதான் வருவாங்க. இங்க எல்லாரும் வந்துதான் ஆகணும். அடுத்த வருஷம் நடு ஹால் கொடுங்க. இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

அவர் சொன்னார். அடுத்த வருடம் எங்களை அழைக்கவே இல்லை. அக்கா மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் லைனில் இருக்கச் சொன்னார்கள். “ஊர்ல எல்லாரையும் நான் லைன்ல இருக்கச் சொன்னேன், இப்ப என் முறை” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை. ‘வரிசை’யின் ஓரங்களில் ஈரக் கைகள் பட்டு மங்கிய தடங்கள் இருக்கின்றன. அவற்றை வெளுக்க அக்கா விடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்தரத்துக்கு வருகிறேன். பாலக்கரைச் சந்தில் அவருடைய வீட்டுக்கு மூன்று படி. முருகேசன் சந்திலேயே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நான்கைந்து பேர் வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். சலீம் பாய் என் முழங்கையைப் பிடித்திருந்தார். யாரோ, “தூங்குற மாதிரியே இருக்காங்க” என்றார்கள்.

சலீம் பாய் குனிந்து மெதுவாகக் கேட்டார். “என்ன இருக்கு, சொல்லும்மா.”

“தூங்குற மாதிரி இல்ல, பாய். வாய் கொஞ்சம் திறந்திருக்கு. மூக்குல பஞ்சு. கன்னம் ஒட்டியிருக்கு. அரக்குப் பட்டுப்புடவை, அன்னைக்குக் கட்டினது. கையில ஜெபமாலை சுத்தியிருக்கு. வலது ஆள்காட்டி விரல்ல ஊசி குத்தின தழும்பு தெரியுது. பெட்டிக் கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கு.”

“அவ்வளவுதானா?”

அவ்வளவு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். பாய்க்கு எதற்கு இந்த வருத்தம், இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுபடியும் பாவம் பார்த்தேன்.

“கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காங்க, பாய்.”

சலீம் பாயின் பிடி இறுகியது. அவர் வாய்க்குள்ளேயே சொன்னார்: “யாருக்குக் கண்ணு கூசுதாம்?”

அக்காவின் தம்பி ஸ்டீபன் அண்ணன் தலைமாட்டில் நின்றிருந்தார். நல்ல மனிதர், அக்காவை ஒருநாளும் சுமை என்று நினைக்காதவர். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஒரு கண்ணு சரியா மூடலம்மா. பார்க்க வர்றவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான்” என்றார்.

“அக்கா ஒருநாள்கூட அதைப் போட்டதில்லைங்கண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு மூடியைத் தூக்கி, தன் கையாலேயே அதைக் கழற்றினார். இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பாயிடம் சொன்னேன்: “எடுத்தாச்சு. வலது கண்ணு மூடியிருக்கு. இடது கண்ணு பாதி திறந்திருக்கு, வெள்ளை தெரியுது. எப்பவும் இருக்கிற மாதிரிதான்.”

“சரி. இப்பத்தான் அக்கா வந்தாங்க” என்றார் சலீம் பாய்.

சவப்பெட்டியைப் படியிறக்கிச் சந்தில் ஜெபத்துக்காக வைத்தார்கள். மூடி போடவில்லை. முருகேசன் ஸ்கூட்டரைப் பக்கத்தில் கொண்டு வந்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது.

அந்தக் கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டீபன் அண்ணன் என் கையில் கொடுத்துவிட்டார். அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அக்காவின் நினைவாக என்று சொல்ல முடியாது, அது அக்காவின் பொருளே அல்ல. அவருடையது என்று என்னிடம் இருப்பது நான்கு வருடமாக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்விதான். இனி யார் கேட்டாலும் அதற்குப் பாவம் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும்.

அன்று இருட்டுவதற்குள் முருகேசன் கல்லறையின் படத்தைக் குழுவில் போட்டார். இந்த முறை குரலும் வந்தது. “ஈரமண்ணுங்க. நாலு மாலை. தலைமாட்டுல மரச் சிலுவை, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு.”

“எந்தப் பக்கம்?” என்று சலீம் பாய் கேட்டார்.

“இடது பக்கம்.”

மறுநாள் காலையில் மூன்று பேரும் போனோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் படி கிடையாது. சவப்பெட்டி வண்டிக்காகச் சமதளமாக வைத்திருக்கிறார்கள். முருகேசனின் ஸ்கூட்டர் எங்கேயும் நிற்காமல் அக்காவின் அருகே வரை போனது. சலீம் பாய் முழங்காலிட்டுச் சிலுவையைப் பிடித்து நிமிர்த்தினார். மண்ணை அள்ளி அடியில் வைத்து, உருவம் செய்கிற கையால் அழுத்திக் கொடுத்தார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“இப்ப என்ன இருக்கு?”

நான் நான்கு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கு, பாய்.”